கணக்கில் கூடிப்போன கரடி

வேட்டைக் குடிசை
மார்ச் 12, வெள்ளி

குடிசைப் பொறுப்பாளர் திரு. சிரில் ஷாகர் அவர்களுக்கு,

வேட்டைச் சங்கத் தலைவர் ஒட்மார் நமக்குக் கிழமை பிரித்துக் கொடுத்த பிறகு, திங்கள் முதல் புதன் வரை குடிசை தங்களுடையது, வெள்ளி சனி என்னுடையது என்று ஆகிவிட்டது. எனவே இந்தக் கடிதத்தை அலமாரியில் இருக்கும் உப்பு டப்பாவில் வைத்துவிட்டுப் போகிறேன். மால்ச்சியிடம் கொடுத்தனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். "உனக்குப் பொண்டாட்டி, அவனுக்குத் தங்கச்சி. அதுக்காக நான் ரெண்டு பேருக்கும் தபால்காரியா? நீங்களே எழுதிக்குங்க, நீங்களே படிச்சுக்குங்க" என்று அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சென்ற அக்டோபர் கரடிக் கணக்கெடுப்பைப் பற்றி எழுதுகிறேன். பரணில் உட்கார்ந்து நாம் இருவரும் பார்த்தது மூன்று கரடிகள். பிறகு குடிசைக்கு வந்து படுத்தோம், நான் தூங்கிவிட்டேன். தாங்கள் தூங்காமல் எழுந்து உட்கார்ந்து அரசாங்கப் படிவத்தின் நான்காம் வரியில் என்ன எழுதினீர்கள் என்பது இந்தப் பள்ளத்தாக்கில் கைக்குழந்தைக்கும் தெரியும். "பெரிய ஆண். கண்ணால் பார்க்கவில்லை, உறுமல் மட்டும். மிக அருகில்." அது என் குறட்டை. வனத்துறை அதை நிஜம் என்று நம்பி நம் மலைக்கு நான்கு கரடி என்று பதிந்துவிட்டது. சங்க விருந்தில் ஒட்மார் அந்த வரியை எழுந்து நின்று வாசித்தார். இப்போது இறைச்சிக் கடைக்காரி என்னைப் பார்த்ததும், "தேன் ஏதாவது வேணுமாண்ணே?" என்கிறாள். முப்பத்தொரு வருடம் ரயில்வேயில் சிக்னல் விளக்குகளைக் கவனித்தவன் நான். ஒரு விளக்குகூட என் காலத்தில் பொய் சொன்னதில்லை. அந்த வரி தவறு என்று தாங்கள் எழுத்தில் திருத்த வேண்டும்.

அடுத்ததாக ஓர் அனுமதி. குடிசையின் தெற்குக் கூரையில் ஒரு சிறிய சோலார் பேனல் வைத்து, கீழே ஒரு பேட்டரி போட விரும்புகிறேன். செலவு என்னுடையது. எதற்கு என்று கேட்க வேண்டாம். வெளிச்சத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற நவம்பரில் மார்ட்டின் திருநாளுக்குப் புது ஒயின் திறக்கும்வரை தங்களோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று கடையில் பத்துப் பேர் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். எழுத்து பேச்சில் சேராது.

இப்படிக்கு,
வென்செல் ஒராஷெம்


மார்ச் 16

உறுப்பினர் வென்செல் அவர்களுக்கு,

உப்பு டப்பாவில் கடிதம் வைக்க உப்பை எங்கே கொட்டினீர்கள் என்று தெரியவில்லை. இரண்டு நாள் உப்பில்லாக் களி தின்றேன். சத்தியம் நானும்தான் செய்திருக்கிறேன், அதே கடையில், உங்களைவிடச் சத்தமாக.

படிவத்தைத் திருத்த முடியாது. நாற்பது வருடம் வனக்காவலராக இருந்தவன் நான். கேட்டதை எழுதாமல் விட்டதும் இல்லை, எழுதியதை அழித்ததும் இல்லை. அன்றைக்கு என் காதில் கேட்டது கரடி. எத்தனையோ கரடிகளைக் கணக்கில் எழுதியிருக்கிறேன், இதுவரை ஒன்றும் மனு கொடுத்ததில்லை.

பேனல் வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டன்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் மானை உரித்தார்கள், உங்களுக்கு மின்சாரம் வேண்டியிருக்கிறது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. கூரைக்கு நேர் எதிரே நிற்கும் புக்வா மரத்தில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. அந்த மரத்தில் மர எலிகள் குடியிருக்கும் மூன்று பொந்துகளும் எங்கள் வீட்டுக்கு உரியவை என்பது ஊருக்கே தெரியும். மொட்டைப் பார்த்தால் இது கொட்டை காய்க்கும் வருடம் போலிருக்கிறது. ஆறு வருடமாகக் காத்திருக்கிறேன். கொட்டை காய்த்தால் மர எலிகள் கொழுக்கும். மர எலிகள் கொழுத்தால் அக்டோபரில் உருளைக்கிழங்கு போட்டுக் குழம்பு, அப்புறம் குளிருக்குப் புதுத் தொப்பி. இப்போது போடுகிற எலித்தோல் தொப்பிக்கு என் தலையைவிட வழுக்கை அதிகம்.

பொறுப்பாளர் என்ற முறையில் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. மே, ஆகஸ்ட், அக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று கணக்கெடுப்பு இரவுகள். ஒன்றிலாவது பரணில் உட்கார்ந்து, குடிசையில் படுத்து எழாத உறுப்பினரின் பெயர் நீக்கப்படும். டிசம்பரிலிருந்து நீங்கள் பொழுது சாய்வதற்குள் மலையிறங்கிவிடுவதாகக் கேள்வி. கோபத்தை வீட்டில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை மட்டும் எடுத்து வரவும்.

சிரில் ஷாகர்


ஏப்ரல் 3

திரு. சிரில் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிப்பதற்கு முன் கதவுக்கு வலப்பக்கம் இருக்கும் சுவிட்சைத் தட்டவும். தட்டினீர்களா? நன்றி.

பேனலை நான் ஒருவனே கூரைக்கு ஏற்றினேன். கீழே நின்று ஏணியைப் பிடித்தது உங்கள் தங்கை. "விழுந்தா என் மேல விழாதே, அந்தப் பக்கமா விழு" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. பெஞ்சுக்குக் கீழே பேட்டரி. சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதில் மூன்று பச்சைப் பொட்டு. மூன்றும் எரிந்தால் பேட்டரி நிறைவு, ஒன்று எரிந்தால் சிக்கனம், ஒன்றும் எரியாவிட்டால் இருட்டு. இன்று மதியம் இரண்டு மணிக்கே மூன்று பொட்டும் எரிந்தன. நேற்று மாலையிலிருந்து விடியும்வரை விளக்கை எரியவிட்டுப் பரிசோதனை செய்யச் சொல்லி மலைமேல் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டிருந்தேன். காலையில் வந்தபோது இரண்டு பொட்டு பாக்கி இருந்தது. பெரியவரையும் காணோம், என் பேரிக்காய்ச் சாராயத்தையும் காணோம். ஆனால் மின்சாரம் இருந்தது.

மே கணக்கெடுப்புக்கு வருகிறேன். தங்குவேன். என் பெயரை நீக்கும் ஆசை யாருக்காவது இருந்தால் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

திருத்தம் இன்னும் வரவில்லை என்பதை வருத்தத்துடன் குறிப்பிடுகிறேன்.

வென்செல் ஒராஷெம்


மே 20

உறுப்பினர் அவர்களுக்கு,

கணக்கெடுப்பு நல்லபடியாக முடிந்தது. கரடி இரண்டு. உறுப்பினர் வென்செல்: மாலை ஐந்தரைக்கு வருகை, கையில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி. ஐந்தே முக்காலுக்குப் பச்சைப் பொட்டுகளைப் பார்த்தார். ஒன்றும் எரியவில்லை. ஆறு மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவரிடமும் சொல்லாமல் மலையிறங்கினார். இதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது. உறுமல் மட்டும் அல்ல.

பேனல் ஏன் படுத்துவிட்டது என்று ராத்திரி முழுக்க யோசித்திருப்பீர்கள். நானே சொல்லிவிடுகிறேன். குடிசைக்கு வெளியே வந்து நின்று அண்ணாந்து பாருங்கள். பச்சையாக ஒன்று தெரிகிறதா? அதற்குப் பெயர் இலை. புக்வா மரத்துக்கு ஒவ்வொரு மே மாதமும் வரும். அக்டோபர் கடைசி வரைக்கும் இருக்கும். மார்ச் மாதம் மொட்டை மரத்தின் ஊடே வெயில் வந்தது, நீங்கள் மாட்டினீர்கள். இப்போது உங்கள் பேனலில் நிழலைத் தவிர ஒன்றும் விழாது.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கே எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் எதற்கு என்று கேட்க வேண்டாம் என்றீர்கள், நான் கேட்கவில்லை. அறுபத்தாறு வசந்தம் பார்த்த மனிதருக்கு மரம் துளிர்க்கும் என்று வனத்துறை சுற்றறிக்கை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

விளக்கு இல்லை என்பதற்காகவா ஒரு வேட்டைக்காரன் இறங்கிப் போவான்? இன்னும் இரண்டு இரவுகள் உள்ளன.

சிரில்


மே 22

சிரில்,

திரு இல்லை, அவர்களுக்கு இல்லை. உனக்கு அதெல்லாம் எதற்கு?

தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாய். நான் ஏணியில் ஏறினதும், உன் தங்கை பிடித்ததும், பொட்டு எரிந்ததென்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும், எல்லாம் தெரிந்து நீ ஏழு வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வாயை மூடத்தான் சத்தியம் செய்தோம், அதை இவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றுவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எனக்குத் தோன்றவில்லை என்பது உண்மைதான். ரயில் சிக்னலுக்கு இலை முளைப்பதில்லை.

நான் எதற்காக இறங்கினேன் என்பது உனக்குத் தேவையில்லாதது. கீழே வெட்டவெளியில், மானுக்கு உப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கம்பம் நட்டுப் பேனலை மாட்டப்போகிறேன். அங்கே மரம் கிடையாது. அறுபது அடி ஒயர் போதும். அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

வென்செல்


ஆகஸ்ட் 17

வென்செலுக்கு,

உன் கம்பத்தை நேற்றுத்தான் எடுத்து நிமிர்த்தினேன். நடந்ததைச் சொல்கிறேன், நான் பார்த்தபடியே சொல்கிறேன். போன திங்கட்கிழமை சாயங்காலம் பரணில் இருந்தேன். பெரிய ஆண் ஒன்று வந்தது. நிஜக் கரடிதான், சந்தேகப்பட வேண்டாம். உப்பை நக்கிவிட்டு உன் கம்பத்தைச் சுற்றி வந்தது. மோந்து பார்த்தது. பிறகு திரும்பி நின்று முதுகைத் தேய்த்துக்கொண்டது. கரடி வரும் வெட்டவெளியில் ஒற்றைக் கம்பத்தை நட்டால் அது முதுகு தேய்க்க என்று கரடி நினைப்பதில் தப்பு இல்லை. கால் மணி நேரம் தேய்த்தது. கம்பம் சாய்ந்ததும் அதற்கே கொஞ்சம் ஏமாற்றம், பேனலின் மேல் உட்கார்ந்து யோசித்துவிட்டுப் போனது. கண்ணாடி உடையவில்லை. அந்தக் கம்பெனிக்காரர்களைப் பாராட்ட வேண்டும்.

பெஞ்சுக்கு அடியில் பேட்டரிப் பெட்டிக்குள் மர எலி கூடு கட்டியிருக்கிறது. ஐந்து குட்டி. ஒயரின் மேல்தோலை உரித்து மெத்தை போட்டிருக்கிறது. நான் கலைக்கவில்லை, அக்டோபருக்கு வேண்டியவை.

நேற்று ஆகஸ்ட் கணக்கெடுப்பு. நீ மறுபடியும் அந்தச் சாம்பல் பெட்டியோடு வந்து, மறுபடியும் ஆறு மணிக்கு இறங்கினாய். ஒட்மார் என்னிடம், "இன்னும் ஒரு தடவதான். அக்டோபர்ல வரலைன்னா நான் என்ன செய்ய? விதி விதிதான். உன் மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லு" என்றார். நான் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்திருப்பது அவருக்கு மறந்துவிட்டது.

உன்னோடு பரணில் உட்காரத் தொடங்கி முப்பது வருடம் ஆயிற்று. நீ இருட்டுக்குப் பயந்தவன் இல்லை. ரோஷத்தில் கம்பம் நடுகிறவன், அதே ரோஷத்துக்காகவாவது ஓர் இரவு தங்கியிருப்பான். ஞாயிற்றுக்கிழமை மால்ச்சியிடம் கேட்டேன். "அண்ணா, என்கிட்டக் கேக்காதே, வாக்குக் குடுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் வெங்காயம் போட்டு எதுவும் சமைக்கவில்லை.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது?

சிரில்


ஆகஸ்ட் 21

மச்சான்,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டத்தில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஒட்மார் அதை வாசிக்கவில்லை, அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. "உறுமல் இடையிடையே முற்றாக நிற்கிறது. நாற்பது எண்ணும்வரை சத்தம் இல்லை. பிறகு திடுக்கிட்டதுபோல் உறுமுகிறது. இரவு முழுக்க இப்படியே." விருந்து முடிந்து வீட்டுக்கு வந்ததும் மால்ச்சி படிவத்தின் நகலை வாங்கிப் படித்தாள். அதுவரை எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவள், படித்த பிறகு சிரிக்கவில்லை. இரண்டு ராத்திரி என் பக்கத்தில் விழித்திருந்து அவளும் எண்ணியிருக்கிறாள். மூன்றாம் நாள், "நீ தூங்கல வென்செல், செத்துச் செத்துப் பொழைக்கற" என்று தலைநகர் லூப்ளியானாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அங்கே ஆஸ்பத்திரியில் தலையெல்லாம் ஒயர் ஒட்டித் தூங்கச் சொன்னார்கள். தூக்கத்தில் மணிக்கு நாற்பத்தொரு தடவை என் மூச்சு நிற்கிறதாம். டாக்டரம்மா சின்ன வயசு, உன் படிவத்தையும் வாங்கிப் பார்த்தாள். "இதை எழுதினது யார்? நல்லாக் கவனிச்சிருக்கார். இன்னும் ஒரு வருஷம் இப்படியே விட்டிருந்தா இதயம் தாங்கியிருக்காது" என்றாள். கரடி என்று எழுதியிருந்ததைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், கொஞ்சம் அவமானம் குறைந்திருக்கும்.

பெட்டியில் இருப்பது ஒரு மூச்சு இயந்திரம். மூக்கில் ஒரு மூடி, அதிலிருந்து முழ நீளக் குழாய். போட்டுக்கொண்டால் பார்க்க யானைக் குட்டி மாதிரி இருக்கிறேன். அது இல்லாமல் ஓர் இரவுகூடப் படுக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள். விடிய விடிய அதற்கு மின்சாரம் வேண்டும். குடிசையில் மின்சாரம் இல்லை. இவ்வளவுதான் ரகசியம்.

ஏற்கெனவே கரடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூக்கில் குழாயோடு படுப்பவன் என்று தெரிந்தால் காட்டில் இருக்கிற மிருகம் ஒன்று பாக்கியில்லாமல் என் தலையில் ஏறிவிடும். அதனால்தான் வெளிச்சத்துக்கு என்றேன். உன்மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது, கோபத்தில் வரவில்லை என்று நீங்களே நினைத்துக்கொண்டீர்கள்.

கூரையில் இலை, வெட்டவெளியில் கரடி, பெட்டிக்குள் எலி. முடியாது மச்சான். எனக்குப் பரண் வேண்டும். அது மட்டும்தான் வேண்டும், வேறு எதற்கும் நான் இந்த ஊரில் காத்திருப்பதில்லை. ஆனால் பெயரை நீக்கும்வரை காத்திருப்பதைவிட நானே விலகுவது மரியாதை. ராஜினாமாவை இதோடு வைத்திருக்கிறேன். ஒட்மாரிடம் கொடுத்துவிடு.

வென்செல்


ஆகஸ்ட் 25

மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. இணைப்பு கிடைக்கவில்லை, மர எலி தின்றுவிட்டது. இன்னொன்று எழுதினால் அதையும் தின்னும், இந்த வருடம் அவற்றுக்கு நல்ல பசி.

செப்டம்பர் இருபத்தைந்து வரை குடிசைப் பக்கம் வராதே. கூரை பழுதுபார்க்கிறேன்.

மார்ச் மாதம் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இதை நான் இரண்டாம் தடவை எழுத மாட்டேன், அதனால் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்.

சிரில்


செப்டம்பர் 26

மச்சான்,

குடிசைக்கு வந்தேன், வழி தவறிவிட்டதென்று நினைத்து ஒருமுறை திரும்பிப் போனேன். கூரைக்கு முன்னால் ஆகாயம் இருக்கிறது. பேனல் பழைய இடத்திலேயே கூரையில் இருக்கிறது, பளபளவென்று துடைத்து. ஒயர் புதுசு, இரும்புக் குழாய்க்குள் விட்டிருக்கிறாய். எலிக்கூட்டை அப்படியே தூக்கி விறகுக் கொட்டகையில் வைத்திருக்கிறாய். காலை பத்தரை மணிக்கு மூன்று பொட்டும் எரிகின்றன.

புக்வா மரம் எங்கே?

அடிக்கட்டையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கொட்டைகள் சிதறிக் கிடக்கின்றன, முக்கால் பழுத்தவை. ஆறு வருடம் காத்திருந்தாயே. உன் மூன்று பொந்தும் விறகாக அடுக்கிக் கிடக்கின்றன. உன் தொப்பி என்ன ஆவது?

எதற்காக வெட்டினாய்? எனக்காக என்று மட்டும் எழுதாதே, என்னால் தாங்க முடியாது.

அந்தத் திருத்தம் வேண்டாம். நான் கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். நீ அந்தக் குறிப்பை எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். கரடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

வென்செல்


செப்டம்பர் 29

மாப்பிள்ளை,

உனக்காக ஒன்றும் இல்லை. மரத்துக்குள் பூஞ்சை. வேரோடு அழுகியிருந்தது. அடுத்த காற்றில் கூரைமேல் விழுந்திருக்கும். பொறுப்பாளர் என்ற முறையில் அகற்றினேன்.

மர எலி என்று பார்த்தால் குழம்பில் எலும்புதான் அதிகம்.

அக்டோபர் இருபதுக்கு வா. பெட்டியை எடுத்து வா.

சிரில்


அக்டோபர் 2

மச்சான்,

அடிக்கட்டையை மறுபடியும் பார்த்தேன். கோடரியின் பின்புறத்தால் தட்டினேன், கோயில் மணி மாதிரி கேட்டது. நூற்றிருபது வளையம் எண்ணினேன், ஒன்றில்கூடக் கறுப்பு இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளா நீ? மரத்துக்கு வெட்டுக் குறி போட்ட, உன் இடத்துக்கு வந்திருக்கும் புது வனக்காவலர் நேயாவை வழியில் பார்த்துக் கேட்டேன். "நல்ல மரம் சார் அது. வேண்டாம்னுதான் சொன்னேன். ஷாகர் ஐயாதான் குறி போடும்மான்னு பிடிவாதமா நின்னார். விழுந்தப்போ கண்ணைத் துடைச்சார். மரத்தூள் பட்டுடுச்சுன்னார். ஆனா அவர் காத்து வர்ற பக்கம்தான் நின்னுட்டிருந்தார், தூள் அந்தப் பக்கம் போகவே இல்லை" என்றாள்.

வருகிறேன்.

வென்செல்


வேட்டைக் குடிசை
அக்டோபர் 21, காலை

மாப்பிள்ளை,

நீ இன்னும் தூங்குகிறாய். எழுந்ததும் உப்பு டப்பாவைத் திறப்பாய் என்று தெரியும், அதனால் இதில் வைக்கிறேன். உப்பு ஜன்னலோரக் கோப்பையில் இருக்கிறது.

மார்ட்டின் திருநாளுக்கு இன்னும் மூன்று வாரம். நேற்றுப் பரணில் ஒரு வார்த்தை பேசாமல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்தோம். தாய்க்கரடி குட்டிகளோடு வந்தபோது நீ என் விலாவில் இடித்தாய். அது பேச்சில் சேருமா என்று கடையில் கேட்டால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள், நாம் சொல்ல வேண்டாம். பிறகு இங்கே வந்து புளித்த முட்டைக்கோஸ் சூப்பை எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடித்தோம். மால்ச்சி கொடுத்தனுப்பியது, உப்பை அள்ளிப் போட்டிருந்தாள். இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தாய். அந்தச் சாதனத்தை மாட்டிக்கொண்டு திரும்பி, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்தபடி நின்றாய். உண்மையைச் சொல்கிறேன், ஐந்தாறு வந்தன. நல்ல நல்லதாக வந்தன. ஒன்று யானையைப் பற்றியது, அதை நினைத்து இப்போதும் வயிறு வலிக்கிறது. சத்தியம் இருந்ததால் தப்பித்தாய். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

விளக்கை அணைத்துவிட்டேன். மெழுகுவர்த்தியில்தான் எழுதுகிறேன், விடிந்தும் அணைக்க மறந்திருக்கிறேன். வெளிச்சத்துக்கு மெழுகுவர்த்தி போதும் என்று நான் மார்ச் மாதமே சொல்லியிருக்கிறேன், கடிதத்தை எடுத்துப் பார். பேட்டரியில் இருந்தது முழுக்க உனக்கு.

ஆனால் என்னால் தூங்க முடியவில்லை. முப்பது வருடமாக உன் குறட்டையைத் திட்டிக்கொண்டே தூங்கிப் பழகியவன் நான். நேற்று ஒரு சத்தமும் இல்லை. காற்று உள்ளே போவதும் வெளியே வருவதும்கூடக் கேட்கவில்லை. சும்மா படுத்திருக்க முடியவில்லை மாப்பிள்ளை. நான்கு தடவை எழுந்து வந்து உன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். நான்காம் தடவை நீ கண்ணைத் திறந்துவிட்டாய். கம்பளியைத் தேடுவதுபோல் நான் பாசாங்கு செய்தேன். நீ நம்புவதுபோல் பாசாங்கு செய்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டாய்.

ஐந்து மணிக்கு ஒரு பொட்டுதான் மிச்சம். பெஞ்சில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தால் உன்னை எழுப்ப வேண்டும், எழுப்பினால் பேச வேண்டும். பேசியிருப்பேன். அணையவில்லை. இப்போது மரம் நின்ற இடத்தின் வழியாக வெயில் கூரைமேல் ஏறிவிட்டது, இரண்டாம் பொட்டு எரிகிறது. நீ எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திரு.

நான் ஒட்மார் வீட்டுக்குப் போகிறேன், படிவத்தைக் கொடுக்க. நகலை உனக்கு வைத்திருக்கிறேன். நீ வாபஸ் வாங்கிவிட்டாய் என்று தெரியும். எழுதியதை நான் அழிப்பதில்லை என்றும் உனக்குத் தெரியும். அழிக்கவில்லை, கீழே சேர்த்திருக்கிறேன்.

சிரில்


கரடிக் கணக்கெடுப்பு, அக்டோபர் 20

பார்த்தவை: பெரிய ஆண் ஒன்று. தாய் ஒன்று. குட்டி இரண்டு.

தங்கிய உறுப்பினர்கள்: சிரில் ஷாகர், வென்செல் ஒராஷெம்.

குறிப்பு: சென்ற ஆண்டு அக்டோபர் படிவத்தின் நான்காம் வரியில் உள்ள பெரிய ஆண், கரடி அல்ல. என் தங்கையின் கணவர். மலைக் கணக்கில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளவும், பிழை என்னுடையது. இம்முறை அவரை இரவு முழுவதும் கவனித்தேன். உறுமல் இல்லை. இடைவெளியும் இல்லை. மூச்சு சீராக இருந்தது.